சுவரில் முளைத்த இத்தி
(சிறுதொட்டியில் மரம் வளர்க்கும் பாடம்)



மரம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஓங்கி உயர்ந்த உருவமேயாகும். நம் தோட்டத்துச் செம்பனையும் பால்மரமும் அத்தகையனவே. ஆயினும், ஒரு முழ உயரத்தில், சோற்றுத் தட்டளவு தொட்டியில் பல்லாண்டு வாழும் மரமும் உண்டு. அதனைப் போன்சாய் என்பர். 'தட்டில் நட்டது' என்பது இந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். இக்கலை சீன நாட்டில் தோன்றி ஜப்பானில் வளர்ந்தது. சிற்றிலை இத்தியைக் கொண்டு இக்கலையை நாம் பயிலுமாறு எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சிராங்கூனில் கண்ட காட்சி

மூன்றாண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலருடனும் பெற்றோர் சிலருடனும் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனை வணங்கிய பின்னர், பழைய கடைவீடுகளின் பின்புறச் சந்து ஒன்றில் நடந்தோம். அங்கே மாடிச் சுவரின் வெடிப்பில், மழைநீர்க் குழாயை ஒட்டி ஒரு சிறுமரம் நின்றது. ஒரு பிடி மண்ணும் அங்கில்லை. இருந்தும் இலைகள் பளபளவென்று இருந்தன.

"ஐயா, இதை அங்கே நட்டவர் யார்?" என்று ஒரு மாணவன் வினவினான்.

நட்டவை பறவைகளே. இத்தி, ஆல், அரசு, அத்தி ஆகிய நான்கும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் பூக்கள் காயின் உள்ளே மறைந்திருக்கும். மிகச் சிறிய குளவி ஒன்று உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கும். பழுத்த பின்னர் மைனா முதலிய பறவைகள் உண்டு, எச்சத்தோடு விதையைச் சுவரிலும் மரக்கிளையிலும் இடும். விதை சிறிதளவு ஈரத்திலேயே முளைத்துவிடும். மலாய் மொழியில் ஜெஜாவி எனப்படுவது இந்த இத்தியே.

ஆனால் அந்த மரத்துக்கு அங்கே நிலைத்த வாழ்வில்லை. வேர் பருத்தால் சுவர் பிளக்கும். அவ்வட்டாரமோ 1989-ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட வேண்டியதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே கட்டடத்தைக் காக்க வேண்டின் மரத்தை நீக்கியே ஆகவேண்டும்.

பூங்காவில் எழுந்த வினா

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறினால் மூன்றாவது நிலையத்தில் தாவரவியல் பூங்கா. 1859-ஆம் ஆண்டில் அமைந்த அப்பூங்கா, 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. நம் தோட்டத்து வாழ்வின் வேர் அங்கேதான் உள்ளது. 1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவை 22 ரப்பர் நாற்றுகளே. 1888 முதல் 1911 வரை பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார்.

அப்பூங்காவின் போன்சாய்ப் பகுதியில் குறுமரங்களைக் கண்டபொழுது மாணவி ஒருத்தி முகம் வாடினாள். "வளர வேண்டிய மரத்தை வெட்டி வெட்டிக் குறுக்குவது பாவமல்லவா, ஐயா?" என்றாள். நாம் உடனே விடை கூறவியலாமல் நின்றோம். உடன் வந்திருந்த தாய் ஒருவர் முன்னர்ப் பால்மரம் வெட்டியவர். அவர் சொன்னார்: "கண்ணு, கத்தி ஆழமாகப் போனால்தான் மரத்துக்கு நோவு. அளவறிந்து சீவினால் பட்டை மறுபடியும் வளர்ந்துவிடும்."

பயிற்சிக் கல்லூரியில் நாம் பயின்ற தாவர நூல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கக் கண்டோம்.

வளர்க்கும் முறை

1. கன்று தேர்தல்: சிங்கப்பூரிலிருந்து செடியை இசைவின்றி எடுத்து வருதல் சட்டத்துக்கு மாறானது, தேவையும் இல்லை. நம் செம்பனைகளின் வெட்டிய மட்டை இடுக்குகளில் இவ்வினக் கன்றுகள் முளைப்பதைத் தொழிலாளர் அறிவர். தோட்ட நிர்வாகத்தின் இசைவு பெற்று எடுக்கலாம். இலை தடித்து, வழவழப்பாக, இரண்டு மூன்று அங்குல நீளத்தில் இருக்கும்; கிள்ளினால் பால் வடியும். விரல் பருமனுள்ள கொம்பை ஒரு சாண் நீளம் வெட்டி நட்டாலும் வேர்விடும்.

2. முதலில் பருக்க விடுதல்: கன்றை உடனே சிறுதொட்டியில் அடைத்தல் தவறு. இரண்டு மூன்று ஆண்டுகள் பெரிய தொட்டியிலோ தரையிலோ வளர்ந்தால்தான் அடிமரம் பருக்கும்.

3. தொட்டியும் மண்ணும்: தொட்டியின் அடியில் துளைகள் வேண்டும். பருமணல், உடைத்த செங்கல் துண்டு, மக்கிய உரம் ஆகியவற்றைக் கலந்து இடுக. நீர் தேங்கினால் வேர் அழுகும். தொட்டியின்கீழ் நீர்த்தட்டு வைக்க வேண்டா. அதில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டெங்குக் காய்ச்சலைப் பரப்பும்.

4. வெயிலும் நீரும்: இது வீட்டுக்குள் வைக்கும் அலங்காரப் பொருளன்று. நல்ல வெயில் வேண்டும். மேல்மண் காயத் தொடங்கியதும் நீர் ஊற்றுக. ஆழமற்ற தொட்டியாயின், வறண்ட நாளில் காலையும் மாலையும் ஊற்ற நேரும்.

5. கத்தரித்தல்: ஒரு கிளையில் ஆறு முதல் எட்டு இலைகள் வந்தபின் இரண்டு மூன்றை விட்டு நுனியை வெட்டுக. வெட்டிய இடத்தில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றுக. அது கண்ணில் படலாகாது. வலுவான மரத்தில் காம்பை விட்டு இலைகளை மட்டும் நறுக்கினால், அடுத்துத் துளிர்ப்பவை சிறியனவாக இருக்கும். நலிந்த மரத்தில் இதனைச் செய்யலாகாது.

6. கம்பி கட்டுதல்: கிளையை வளைக்க அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி, சிறிது சிறிதாக வளைக்க வேண்டும். வாரந்தோறும் பார்த்து, கம்பி பட்டையில் பதியுமுன் அவிழ்த்துவிடுக. நம் அறையிலிருந்த மரத்துக் கம்பியை நாம் மறந்துவிட்டோம். அதன் கிளையில் திருகாணி போன்ற தழும்பு இன்றும் உள்ளது.

7. வேர் சீர்செய்தல்: இரண்டாண்டுக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, வேரில் மூன்றிலொரு பங்கை நீக்கிப் புதுமண் இடுக. பின்னர் இரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். ஈரக்காற்றில் விழுது இறங்கினால், நீர் பருகும் குழல் ஒன்றினுள் செலுத்தி மண்வரை கொண்டுவரலாம்.

நாம் செய்த பிழை

சுற்றுலா முடிந்து திரும்பியதும் பள்ளியில் பன்னிரண்டு கன்றுகளை நட்டோம். மாணவர் நாள்தோறும் நீர் ஊற்றினர். அவ்வாண்டு நெடுவிடுமுறை மாசி மாத வெயிலில் வந்தது. பள்ளியைப் பூட்டினோம், சாவியை எடுத்துக்கொண்டோம், மரங்களுக்கு நீர் ஊற்றுவார் யார் என்பதை எண்ணினோமல்லோம்.

திரும்பி வந்து பார்த்தபொழுது ஒன்பது கன்றுகள் கருகியிருந்தன. கழுவுதொட்டிக் குழாய் கசியும் இடத்திலிருந்த இரண்டு பிழைத்தன. எஞ்சிய ஒன்றைக் காணோம். பூங்காவில் பாவமல்லவா என்று கேட்ட அதே மாணவி, நம்மிடம் கூறாமலே அதனைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தாள். அச்சத்தோடு அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். கேளாமல் எடுத்தமைக்காக அவளைக் கடிய நமக்கு வாய் எழவில்லை. அவள் வீட்டுப் படிக்கட்டில் அது நான்கு புதுத் துளிர்கள் விட்டிருந்தது.

அன்றுதான் அவளுடைய வினாவுக்கு முழுவிடை கிடைத்தது. அளவறிந்து வெட்டுவது பாவமன்று. சிறுதொட்டியில் வைத்த மரம் தன் வேரால் தொலைவில் நீர் தேடவியலாது. முழுதும் நம் கையையே நம்பியிருக்கும். அதனை மறந்துபோவதே பாவம். அப்பாவத்தைச் செய்தவர் நாமே.

இதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு முதல் ஒவ்வொரு கன்றும் ஒரு மாணவர் பெயரில் இருக்கும். விடுமுறையில் அவர் வீட்டுக்கே வரும். லயத்து வாசலில் ஒரு சாண் இடம் போதும். வெட்டும் அளவைப் பிள்ளைகளுக்குக் காட்டுக. அக்கைத்திறன் எம்மிடம் இல்லை. கத்தி பிடித்துப் பழகிய உங்களிடம் உண்டு. பள்ளி மூடியிருக்கும் நாளிலும் மரத்துக்குத் தாகம் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் அவ்வாறே என்பதை நினைவிற் கொள்க.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பது பழமொழி. ஐம்பதைக் கடந்த நாமும் பத்து வயதுச் சிறுமியிடம் கற்றோம், சிறிது வளைந்தோம்.

பயிற்சி வினாக்கள்

1. சுவர் வெடிப்பில் இத்தி முளைப்பது எவ்வாறு?
2. கன்றை உடனே சிறுதொட்டியில் வைக்கலாகாது. ஏன்?
3. தொட்டியின்கீழ் நீர்த்தட்டு வைப்பதால் விளையும் தீங்கு யாது?
4. உங்கள் கன்றுக்கு விடுமுறையில் நீர் ஊற்றுபவர் யார்? பெயரை எழுதி ஆசிரியரிடம் கொடுக்க.