புண்ணில் சீழ் வைப்பது ஏன்?

கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் சில நாளில் மஞ்சளாகச் சீழ் வைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "கெட்ட ரத்தம் வருது" என்பார்கள் லயத்தில். அது கெட்ட ரத்தமல்ல. நமக்காகச் சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்களே அதில் பெரும்பங்கு.

கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடி வருவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு. ரத்தத்தில் அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். அதனால் எலும்பு மச்சை தினமும் சுமார் 10,000 கோடி அணுக்களைப் புதிதாகச் செய்கிறது. கிருமியை விழுங்கிக் கொன்றபின் அதுவும் சாகும். சில அணுக்கள் சாகும்போது தம் உள்ளிருக்கும் டி.என்.ஏ. நூலை வலை மாதிரி வீசிக் கிருமியைச் சிக்க வைக்கின்றன. இதை பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் 2004இல் கண்டு சொன்னார்கள். செத்தும் வேலை செய்கிறது, பாருங்கள்!

ஒழுங்காகச் செத்த அணுக்களை வேறு அணுக்கள் தின்று துப்புரவாக்கும், வீக்கமும் வற்றும். அளவுக்கு மீறிச் செத்து வெடித்தாலோ, அவற்றின் சாறு நல்ல சதையையும் அரிக்கும். ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமி பொல்லாதது, நஞ்சைக் கக்கி வெள்ளை அணுக்களையே கொல்லும்.

சீழ்க்கட்டியைப் பிதுக்க வேண்டாம், கிருமி உள்ளே இறங்கும். சிவப்பு பரவினால், கவட்டில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வாங்க. சீனி வருத்தக்காரருக்கு இந்த அணுக்கள் மந்தம், அவர்கள் சின்னக் கீறலுக்கும் வரவேணும். ஒரு பேர் போயிடுமே என்று புண்ணோடு மலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை படுத்தால் ஆறு பேர் போகும்.