சுவடி காக்கும் சேவையகம்

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி தெருவில், 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் அமைந்துள்ளது. இங்கும் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியிலும் காக்கப்படும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. பெரும்பாலும் கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடிகள் பலவற்றின் படிமங்களை இன்று இணையத்தில் காணலாம். ஓலையைப் பூச்சியிலிருந்து காப்பதற்கு ஒருவர் இருப்பது போன்று, இத்தகைய படிமங்களைத் தாங்கும் கணினியைக் காப்பதற்கும் ஒருவர் வேண்டும். அவரே சேவையக நிருவாகி.

காலையில் அவர் முதலில் திறப்பது பதிவுக் கோப்பினை. எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, சேவையகம் என்ன விடை தந்தது என்பன அதில் வரிவரியாக இருக்கும். 404 எனில் கேட்ட பக்கம் அங்கில்லை. 500 எனில் பிழை சேவையகத்தினுடையது. ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான கடவுச்சொல் முயற்சிகள் தென்பட்டால் அம்முகவரியைத் தடுப்பார். கவனியாமல் விட்டால் இப்பதிவுக் கோப்பே வளர்ந்து, வட்டு முழுவதையும் நிரப்பித் தளத்தை முடக்கிவிடுவதும் உண்டு! பாதுகாப்புச் சான்றிதழைக் காலாவதியாகும் முன் புதுப்பிப்பதும், மென்பொருள் திருத்தங்களை நிறுவுவதும் அவர் பணிகளே.

எனினும் பெரும்பொறுப்பு காப்புநகல்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நகரம் மின்சாரமின்றி இருண்டது. கடலோர ஊரில் மூலமும் நகலும் ஒரே அறையில் இருந்தால், ஒரே வெள்ளம் இரண்டையும் அழித்துவிடும். ஆகவே ஒரு நகல் வேற்றூரில் இருத்தல் வேண்டும். அந்நகலையும் அவர் அப்படியே நம்பிவிடுவதில்லை. அவ்வப்போது வேறொரு கணினியில் மீட்டெடுத்து, ஓலைப் படிமம் ஒன்றைத் திறந்து, எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா எனப் பார்ப்பார்.