அல்ட்ராவைடு மானிட்டரா? உயரத்தை அளந்து வாங்குங்கள்

மதுரை பசுமலையில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கடி மேஜை ஒன்று இருக்கிறது. பகலில் அதில் உட்கார்ந்து நான் தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மாலையில் கல்லூரி விட்டு வரும் மகன் கேம் ஆடுகிறான். ராத்திரி அம்மா பழைய படம் பார்க்கிறார். மூன்று பேருக்கும் ஒரே திரை. அதற்கு அல்ட்ராவைடுதான் சரி என்று முடிவு செய்து, ஒரு தடவை தப்பாக வாங்கி, மாற்றி, பிறகு சரியாக வாங்கினோம். அதில் தெரிந்துகொண்டவை இவை.

1. இஞ்ச் எண்ணைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளக்கும் அளவு. சாதாரண மானிட்டரின் அகல உயர விகிதம் 16:9. அல்ட்ராவைடுக்கு 21:9. அதனால் 34 இஞ்ச் அல்ட்ராவைடு 80 செ.மீ. அகலம் இருந்தாலும் உயரம் 33 செ.மீ.தான். 27 இஞ்ச் சாதாரண மானிட்டருக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். 29 இஞ்ச் அல்ட்ராவைடில் கிடைப்பது 23 இஞ்ச் மானிட்டரின் உயரம். இன்னொன்று தெரியுமா? மொத்தப் பரப்பைக் கணக்குப் போட்டால் 34 இஞ்ச் அல்ட்ராவைடைவிட 32 இஞ்ச் சாதாரண மானிட்டர் கொஞ்சம் பெரியது. வீட்டில் 24 இஞ்ச் வைத்திருப்பவர் ‘பெரிசாக வாங்குகிறோம்’ என்று 29க்குப் போனால், பக்கத்தில் இடம் கூடும். எழுத்து இன்னும் பொடிசாகும்.

2. கடைக்குப் போகும் முன் பழைய பேப்பரை 80-க்கு 33 செ.மீ. அளவில் வெட்டி, மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். கழுத்து எவ்வளவு திரும்புகிறது, ஜன்னல் மறைகிறதா, ஸ்பீக்கருக்கு இடம் மிஞ்சுகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஒரு கை நீளம், அதாவது 60 முதல் 80 செ.மீ. வேண்டும். ஸ்டாண்டின் கால்களே 20, 25 செ.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இரண்டடி ஆழமுள்ள மேஜை போதாது. இரண்டரை அடி இருந்தால் நிம்மதி. சின்ன மேஜைதான் இருக்கிறது என்றால் மேஜை விளிம்பில் பிடிக்கும் கை ஸ்டாண்டு வாங்கலாம். மானிட்டரின் முதுகில் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா, அந்தக் கை அதன் எடையைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேஜையிலும் மெல்லிய பார்ட்டிகிள் போர்டு மேஜையிலும் இதை மாட்டவே மாட்டாதீர்கள்.

3. எங்களுக்கு நடந்த தப்பு ரெசல்யூஷனில். கடையில் 34 இஞ்சில் இரண்டு மாடல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. “ரெண்டும் முப்பத்திநாலுதான்ணே, இது எட்டாயிரம் கம்மி” என்றார் விற்பனைப் பையன். விலை குறைந்ததை வாங்கி வந்தோம். அது 2560 × 1080. கேம் ஓடியது, படம் ஓடியது, குறை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தேன். ‘மனம்’ என்பதும் ‘மணம்’ என்பதும் ஒன்றுபோலத் தெரிந்தன. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண இரண்டும் கலங்கி, சுழி எண்ண முடியவில்லை. மெய்யெழுத்தின் மேல் புள்ளி சில இடங்களில் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அன்று மட்டும் எத்தனை பிழைகளைத் தவறவிட்டேனோ தெரியவில்லை.

காரணம் எளிமையானது. அந்தத் திரையில் ஒரு இஞ்சுக்கு 82 பிக்சல்தான். அதே 34 இஞ்சில் 3440 × 1440 என்றால் இஞ்சுக்கு 110 பிக்சல். ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் அதிகம் என்பதால் இந்த வித்தியாசம் நமக்குக் கூடுதலாகத் தெரியும். தமிழில் தினமும் படிக்கிறவர், எழுதுகிறவர் 34 இஞ்சில் 3440 × 1440-க்குக் கீழே இறங்கக்கூடாது. பணம் போதவில்லை என்றால் 2560 × 1080-ஐ 29 இஞ்சில் வாங்குங்கள். அதில் இஞ்சுக்கு 96 பிக்சல் வருவதால் எழுத்து பொடிசாக இருந்தாலும் தெளிவாக இருக்கும். கடையில் டெமோ வீடியோவைக் காட்டுவார்கள். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து ண, ன, ழ, ஞ நான்கையும் பாருங்கள்.

4. கிராபிக்ஸ் கார்டுக்கு இது கூடுதல் சுமை. 1920 × 1080 திரையில் சுமார் 21 லட்சம் பிக்சல். 3440 × 1440-இல் சுமார் 49.5 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல். பழைய கார்டில் 60 பிரேம் ஓடிய கேம் இதில் திணறும். மானிட்டருக்கு முழுப் பணத்தையும் கொட்டிவிட்டு, கார்டுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதைவிட, கார்டுக்கு ஏற்ற மானிட்டர் வாங்குவது நல்லது.

5. ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்குத் திரை எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற எண்: வீட்டு வேலைக்கு 75 போதும். 100 இருந்தால் எழுத்தை உருட்டிப் படிக்கும்போதே கண்ணுக்கு இதமாக இருக்கும். வேகமான துப்பாக்கி கேம் ஆடுகிறவர்களுக்கு 144. வாங்கி மாட்டிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸ், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் அந்த எண்ணை நாமே மாற்ற வேண்டும். பல வீடுகளில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாதக்கணக்கில் 60-இல் ஓடிக்கொண்டிருக்கிறது.

6. ஒயரைச் சரிபாருங்கள். பழைய லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ 1.4 வழியாக 3440 × 1440 திரைக்கு 50 ஹெர்ட்ஸ் கிடைத்தாலே பெரிது. எச்டிஎம்ஐ 2.0 என்றால் 100 வரை போகும். அதற்கு மேல் டிஸ்பிளேபோர்ட்டோ எச்டிஎம்ஐ 2.1-ஓ வேண்டும். வீட்டில் இருந்து ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் யுஎஸ்பி-சி உள்ள மாடலாகப் பாருங்கள். 65 வாட்டோ 90 வாட்டோ கொடுக்கும் யுஎஸ்பி-சி என்றால் ஒரே ஒயரில் படமும் வரும், ஆபீஸ் லேப்டாப்புக்குச் சார்ஜும் ஏறும்.

7. பேனல் மூன்று வகை: ஐபிஎஸ், விஏ, ஓலெட். ஐபிஎஸ்ஸில் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. எழுத்து வேலைக்கு உகந்தது. ஆனால் இருட்டு அறையில் அதன் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏவில் கறுப்பு நன்றாக இருக்கும். ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் வழக்கமாக 1000:1 என்றால் விஏவில் 3000:1. விலையும் குறைவு. குறை என்னவென்றால், இருட்டுக் காட்சியில் எதுவும் வேகமாக நகர்ந்தால் பின்னாலேயே ஒரு கறுப்பு இழுப்பு வரும். மகன் கேமில் இரவுக் காட்சி வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன்.

ஓலெட்டின் அழகுக்கு ஈடில்லை. 2022-இல் ஏலியன்வேரின் 34 இஞ்ச் கியூடி-ஓலெட் வந்த பிறகு கேம் ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் அதன்மேல் ஆசை. ஆனாலும் எங்களைப் போன்ற வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். எக்செல் கட்டமும் கீழே இருக்கும் டாஸ்க்பாரும் தினமும் எட்டு மணி நேரம் அசையாமல் நின்றால், அந்தத் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிய வாய்ப்பு உண்டு. அந்த முதல் தலைமுறை ஓலெட்களில் பிக்சலின் அமைப்பு வேறு மாதிரி என்பதால் எழுத்தின் ஓரத்தில் நிறக்கசிவும் தெரியும். கேம், படம் மட்டும்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள். திரையில் தடம் பதிவதற்கு வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

8. வளைவு: 1800ஆர் என்றால் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு. எண் குறையக் குறைய வளைவு கூடும். 34 இஞ்சுக்கு 1500ஆர், 1800ஆர் போதும். 1000ஆர் நடுவில் உட்காருகிற ஒருவருக்கு மட்டும்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்து குடும்பமே பார்க்க வேண்டுமானால் வேண்டாம். வீட்டு பிளான், கோலம், துணி டிசைன் என்று கோடு வரைகிறவர்களுக்குத் தட்டைத் திரைதான் நல்லது.

9. உங்கள் பிள்ளை ஆடும் கேமின் பெயரைக் கேட்டுக்கொண்டு போங்கள். யூரோ டிரக் சிமுலேட்டர், போர்ஸா ஹரைசன், ஜிடிஏ 5 போன்றவை அல்ட்ராவைடில் விரிந்து ஓடும். லாரியின் இரண்டு பக்கக் கண்ணாடியும் ஒரே பார்வையில் விழும். வேலரண்டில் கூடுதல் காட்சி எதுவும் கிடைக்காது. எல்டன் ரிங் இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடுதான் ஓடும். பிளேஸ்டேஷன் 5 இருக்கிற வீட்டில், அதற்காக மட்டும் அல்ட்ராவைடு வாங்க வேண்டாம். அது 16:9-இல்தான் படம் அனுப்பும்.

10. படம் பார்க்க இது எப்படி? 3440-ஐ 1440-ஆல் வகுத்தால் 2.39. இது சினிமாஸ்கோப்பின் விகிதமேதான். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதில் இருந்து இன்று வரையுள்ள அகலப் படங்கள் திரையை நிறைக்க வேண்டும். ஆனால் பல ஓடிடி தளங்கள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை சேர்த்து 16:9 ஆக்கி அனுப்புவதால், நம் திரையில் நாலா பக்கமும் கறுப்பு சூழ்ந்து படம் நடுவில் சிறுத்து நிற்கும். பிரவுசரில் இதைப் பெரிதாக்க எக்ஸ்டென்ஷன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அம்மாவுக்குப் பிடித்தவை அதற்கும் முந்திய படங்கள். மதுரை தங்கம் தியேட்டர் 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்ததை இன்றைக்கும் சொல்வார். அந்தக் காலத்துப் படங்களின் விகிதம் 4:3. அல்ட்ராவைடில் அவற்றைப் போட்டால் அகலத்தில் 44 சதவீதம் கறுப்பாகவே கிடக்கும். டிவி சீரியல், பழைய படம் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தத் திரையால் லாபம் இல்லை என்பதே உண்மை.

11. அன்றாட வேலையில்தான் இதன் பயன் முழுசாகத் தெரிகிறது. இடது பாதியில் மூலப்பிரதி, வலது பாதியில் மெய்ப்பு. தலையைத் தூக்கிக் குனிய வேண்டியதில்லை. விண்டோஸ் பட்டனோடு அம்புக்குறியை அழுத்தினால் ஜன்னல் பாதியாக ஒதுங்கும். மூன்றாகப் பிரிக்க, மைக்ரோசாப்டின் இலவச பவர்டாய்ஸ் மென்பொருளில் ஃபேன்ஸிசோன்ஸ் இருக்கிறது. ஜூம், டீம்ஸ் கூட்டத்தில் முழுத் திரையையும் ஷேர் செய்யாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு அது நாடா மாதிரி மெலிந்து தெரியும். ஒரு ஜன்னலை மட்டும் ஷேர் செய்யுங்கள்.

12. நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மதுரையில் மே மாதம் 40 டிகிரியைத் தொடும். பெரும்பாலான மானிட்டர்களுக்குக் கம்பெனியே சொல்லும் மேல் வரம்பும் 40 டிகிரிதான். மேற்கு ஜன்னலுக்கு நேராகத் திரையை வைக்காதீர்கள். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், முதுகுப்பக்கம் காற்று போகட்டும். இடி மின்னல் என்றால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். மெயின் ரோட்டு ஓரத்து வீடுகளில் தூசி அதிகம். துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் துளி தண்ணீரும் போதும். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம் திரையின் மேல்பூச்சை உரித்துவிடும். கரண்டு செலவுக்குப் பயப்பட வேண்டாம். 50 வாட் மானிட்டர் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்.

13. பில்லில் ஜிஎஸ்டி எவ்வளவு என்று பாருங்கள். 2019 முதல் 32 இஞ்ச் வரையுள்ள மானிட்டருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீதம் என்று இருந்தது. 34 இஞ்ச் அல்ட்ராவைடு இந்த 28-இல் மாட்டிக்கொண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 சதவீதம்தான். வரி சேர்க்காத விலை 30,000 என்றால் முன்பு 38,400. இப்போது 35,400. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

14. வீட்டுக்குக் கொண்டு வரும்போது பைக் வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். பெட்டியைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டு வாருங்கள். தெர்மாகோலில் இருந்து திரையை எடுக்கும் முன்பே ஸ்டாண்டை மாட்டிவிடுங்கள். திரையில் விரல் அழுத்தக்கூடாது. அன்றைக்கே முழு வெள்ளை, முழு கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறத்தையும் முழுத் திரையில் போட்டு, செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு பிக்சலுக்குப் பல கம்பெனிகள் மாற்றித் தருவதில்லை. கடையோ ஆன்லைன் தளமோ திருப்பி எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு வாரம், பத்து நாளுக்குள்தான் நமக்கு வழி. எங்கள் முதல் மானிட்டரை மாற்றிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் கிழியாமல் பரணில் இருந்ததுதான். வாரண்டி முடியும் வரை உங்கள் பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.