சர்க்கரை நோயும் வெயில் சத்தும்



குடும்ப நலம் என்பது பிள்ளைகளின் நலம் மட்டுமல்ல. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் நலமும் அதில் அடக்கம். ஒரு வீட்டுப் பேச்சைக் கேளுங்கள்.

மருமகள்: மாமா பத்து நாளா சர்க்கரை மாத்திரை போடலீங்க சிஸ்டர். முழங்கால் வலிக்கு டாக்டர் வைட்டமின் டி பொடி கொடுத்தாரு. அதைச் சாப்பிட்டாலே சர்க்கரையும் இறங்கிடும்னு யாரோ சொல்லிட்டாங்களாம்.

செவிலியர்: ரத்தம் பார்த்தீங்களா?

மகன்: நேத்துதான் பார்த்தோம். வெறும் வயித்துல 240.

செவிலியர்: பொடி எலும்புக்கு, மாத்திரை சர்க்கரைக்கு. ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு ஆகாது. இன்னைக்கே அப்பாவைக் கூட்டிட்டு வாங்க.

வைட்டமின் டி என்பது என்ன?

தோலின் மீது வெயில் படும்போது நம் உடலே தயாரித்துக்கொள்ளும் சத்து இது. சாப்பாட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்ச இது வேண்டும். வயது ஏற ஏற, தோல் இதைக் குறைவாகவே தயாரிக்கும். மிகவும் குறைந்தால் எலும்பு வலி, தசைச் சோர்வு உண்டாகும். உட்கார்ந்தவர் எழச் சிரமப்படுவார்.

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சர்க்கரை நோயாளிகள் பலருக்கு இந்தச் சத்து குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் சேர்ந்து இருப்பதெல்லாம் காரணமாகிவிடாது. நடமாட்டம் குறைந்தவருக்கு வெயிலும் கிடைக்காது, சர்க்கரையும் ஏறும்.

அமெரிக்காவில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 2,423 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி. மறு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை. சுமார் இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நோய் வந்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியான வித்தியாசம் இல்லை. 2023-இல் மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இப்படி எல்லையில் இருப்பவர்களுக்கு ஓரளவு பயன் தெரிந்தது. ஆனாலும் நோய் வந்தவர் மாத்திரையை நிறுத்தலாம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. டாக்டர் சொல்லாமல் சர்க்கரை மாத்திரையையோ ஊசியையோ நிறுத்த விடாதீர்கள்.

2. 60,000 யூனிட் பொடியைப் பெரும்பாலும் வாரம் ஒருமுறை எனத்தான் கொடுப்பார்கள். தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தி, மலச்சிக்கல் வரும், சிறுநீரகமும் கெடும். சாப்பிடும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

3. இளவெயிலைவிட ஏறு வெயிலில்தான் இந்தச் சத்து அதிகம் உண்டாகும். காலை 10 மணிக்கு மேல், கை கால்களில் வெயில் படும்படி சிறிது நேரம் உட்காரட்டும். கடும் கோடையில் எச்சரிக்கை தேவை.

4. செருப்பு அவசியம். சர்க்கரை நோயில் பாத உணர்ச்சி குறைந்திருந்தால், மண் சுட்டாலும் தெரியாது, புண்ணாகிவிடும்.

5. சோற்றைக் குறைத்து, கீரை, காய், பயறு சேருங்கள். தினமும் நடக்கத் துணைக்குப் போங்கள்.

6. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொல்லும் காலத்தில் செய்யுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை இலவசம். சந்தேகம் இருந்தால் அங்கே கேளுங்கள். அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டு மருந்தை மாற்றாதீர்கள்.

வெயில் எலும்புக்கு உதவும். மாத்திரை சர்க்கரையை அடக்கும். இரண்டும் வேண்டும்!