நாய்க்கு யார் தலைவர்?



இந்த இதழின் பாடம் வீட்டு நாயைப் பற்றியது. "நாய்க்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு, உங்கள் லயத்தில் போன வருஷம் நடந்த சண்டைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கோழியைப் பிடித்துவிட்டது, பக்கத்துக் காம்பராவில் புகுந்து கறிச்சட்டியை உருட்டிவிட்டது, ஸ்கூலுக்குப் போன பிள்ளையைத் துரத்திவிட்டது என்று எத்தனை சண்டை நாயில் தொடங்கியது? வாய்ப்பேச்சில் தொடங்கிப் பொலிஸ் வரை போனதும் உண்டு.

நம் தோட்டங்களிலிருந்து 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. உங்களில் பலருக்கு மாமாவோ சின்னம்மாவோ அங்கே இருப்பார்கள். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நாயின் வாழ்க்கை வேறு. லயத்து நாய் பத்து வீட்டுக்கும் பொது. பத்துப் பேரும் சோறு போடுவார்கள். அது குற்றம் செய்த அன்றைக்கு "அது எங்க நாய் இல்லீங்க" என்று பத்துப் பேரும் சொல்வார்கள். வன்னியில் அப்படித் தப்ப முடியாது. வேலியடைத்த வளவு, படலை, படலைக்குள்ளே ஒரு நாய். அது யாருடைய நாய் என்று ஊருக்கே தெரியும். வயலில் காவற்கொட்டிலில் படுக்கிறவருக்குப் பன்றி வந்தாலும் யானை வந்தாலும் முதலில் சத்தம் கொடுப்பது அதுதான். அங்கே நாயும் ஒரு வேலையாள். அதனால் இந்தப் பாடத்துக்கு வன்னி வளவையே எடுத்துக்கொள்கிறேன். சொல்வது லயத்துக்கும் பொருந்தும்.

பிரம்பு எடுத்தவர் தலைவரா?

நம் ஆட்களிடம் ஒரு நினைப்பு ஊறிப் போயிருக்கிறது. வீட்டில் நாய் யாருக்குப் பயப்படுகிறதோ அவர்தான் அதற்குத் தலைவர் என்று. "அடிச்சு வளத்தாத்தான் படியும்" என்று மலையில் சொல்வார்கள். "அடிச்சால்தான் அடங்கும்" என்று வன்னியிலும் சொல்வார்கள். பேச்சுத்தான் வேறு, தடி ஒன்றுதான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் தடி எடுக்கிறவர். அவர் வளவுக்குள் நிற்கும்வரை நாய் சாது மாதிரி படுத்திருக்கும். அவர் சைக்கிளில் ஏறிப் படலையைத் தாண்டியதும் அடுப்படிக்குள் போகும், கோழியைக் கலைக்கும், அம்மா கத்தினால் திரும்பியும் பாராது. இந்த நாய் என்ன படித்திருக்கிறது? திருடக் கூடாது என்றா? இல்லை. "ஐயா நிற்கும்போது திருடக் கூடாது" என்று படித்திருக்கிறது. கங்காணி பக்கத்தில் வரும்போது மட்டும் கை வேகமாக ஓடுகிற கதையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படித்தவர்களும் ஒரு காலத்தில் இந்த நினைப்புக்குத் துணை நின்றார்கள். சுவிட்சர்லாந்தில் பாசல் நகர மிருகக்காட்சிச்சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களை ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர் பார்த்து 1947இல் எழுதினார். அவை ஒன்றோடொன்று சண்டை பிடித்தன, வென்றது மற்றவற்றை அடக்கியது என்றார். நாயும் ஓநாய்க் குலம்தானே, ஆகவே மனிதனும் நாயை அடக்கித் தலைவனாக வேண்டும் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் எழுதிய ஓநாய்ப் புத்தகமும் அந்தக் கருத்தைப் பரப்பியது.

ஆனால் அதே மெக், 1986 முதல் கோடைக்குக் கோடை கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போய்க் காட்டு ஓநாய்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். கூட்டம் என்பது அங்கே ஒரு குடும்பம்: தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள். சண்டை பிடித்து யாரும் தலைவர் ஆகவில்லை. பெற்றவர்கள் என்பதால் பெற்றவர்கள் நடத்தினார்கள், பிள்ளைகள் பின்னால் போயின. 1999இல் இதை எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தாரையும் கேட்டுக்கொண்டார். பாசலில் இருந்தவை எங்கெங்கோ பிடித்து ஒரே கூட்டில் தள்ளியவை. முன்பின் தெரியாத பத்துப் பேரை ஒரு காம்பராவில் போட்டுப் பூட்டினால் அடிதடி வராமல் என்ன வரும்?

ஆகவே நாய்க்குத் தலைவர் என்றால் தாய் தகப்பன் மாதிரி ஒருவர். சோறு அவர் கையில். எது ஆகும், எது ஆகாது என்பதில் அவர் பேச்சு நேற்றும் இன்றும் ஒன்றாக இருக்கும்.

வன்னி மண்ணிலேயே இதைக் காணலாம். யுத்தத்தில் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடிய வேலையில் ஆட்களோடும் இயந்திரங்களோடும் பழக்கிய மோப்ப நாய்களும் இறங்கின. வெடிமருந்தின் மணம் பட்டால் அந்த நாய் கிளறக் கூடாது. சத்தமில்லாமல் அந்த இடத்தில் உட்கார வேண்டும். கிளறினால் நாயும் போகும், கயிறு பிடித்தவரும் போகலாம். இவ்வளவு பொறுப்பான வேலையைத் தடியால் பழக்க முடியுமா? மணத்தைக் கண்டு உட்கார்ந்தால் விளையாடப் பந்து கொடுப்பார்கள். அந்தப் பந்துக்காகத்தான் நாய் அத்தனை கவனமாக நடக்கிறது.

சட்டியிலிருந்து தொடங்குங்கள்

நமக்குப் பந்து வேண்டாம். ஒரு பிடி சோறும் கருவாட்டுத் துண்டும் போதும்.

சாப்பாட்டு நேரத்தில் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "இரு" என்று ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். நாய் பாயும், குரைக்கும். பேசாமல் நில்லுங்கள். சட்டியை இறக்காதீர்கள். களைத்துப்போய்ப் பின்பக்கம் நிலத்தில் பட்ட அந்த நொடியே சட்டியைக் கீழே வையுங்கள். முதல் நாள் பத்து நிமிஷம் போகும். தினமும் செய்து வந்தால் சில நாளில் சட்டியைக் கண்டதும் தானாக உட்காரும். அடி இல்லை, சத்தம் இல்லை. இந்த "இரு" பிறகு படலையிலும் உதவும், வீதியில் லொறி வரும்போதும் உதவும்.

இதில் முக்கியமானது நேரம். நல்லது செய்த ஓரிரு நொடிக்குள் கூலி கையில் வர வேண்டும். மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிற பொறுமை நமக்குத்தான் உண்டு, நாய்க்குக் கிடையாது. தண்டனைக்கும் இதே கணக்கு. காலையில் கோழியைக் கடித்த நாயை மத்தியானம் கூப்பிட்டு அடித்தால், "கூப்பிட்டால் போகக் கூடாது" என்பதைத்தான் அது படிக்கும். அடி வாங்கும்போது முகத்தைத் தொங்கப் போடுகிறதே, குற்றம் தெரிகிறதே என்பார்கள். தெரிவது குற்றமில்லை, உங்கள் கோபம்.

அடுத்தது சொல். வீட்டில் எல்லோரும் ஒரு காரியத்துக்கு ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். வன்னியில் குடியேறிய நம் வீடுகளில் இது ஒரு வேடிக்கை. பாட்டி "இங்க வாடா" என்பார், அங்கேயே பிறந்த பேரன் "இஞ்ச வா" என்பான், ரி.வி. பார்க்கிற பேத்தி "கம், கம்" என்பாள். நாய் மூவரையும் பார்த்துவிட்டு வேலியோரம் போய்ப் படுக்கும். வா, இரு, விடு, தொடாதே என்று நாலு சொல் போதும். வீட்டில் பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

மேலே பாய்ந்து ஏறுகிற நாயைத் தள்ளாதீர்கள். தள்ளுவதை அது விளையாட்டு என்று நினைக்கும். முதுகைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். நாலு காலும் நிலத்தில் பட்ட பிறகு தடவிக் கொடுங்கள்.

"தொடாதே" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காட்டுப் பன்றிக்காகத் தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கிற பன்றிவெடி வன்னிக் காட்டோரங்களில் உண்டு. சட்டவிரோதம், ஆனாலும் வைக்கிறார்கள். யானைக்கன்றே வாய் சிதறிச் சாகிறது என்றால் நாய் எந்த மூலைக்கு? கோழி போன கோபத்தில் இறைச்சியில் நஞ்சு கலந்து போடுகிறவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. கண்டதை வாயில் வைக்காத நாய்தான் நாள் கடத்தும். மூடிய கையில் கருவாட்டை வைத்து மூக்கருகே நீட்டி "தொடாதே" என்று சொல்லுங்கள். மோந்து, நக்கி, கையைப் பிராண்டும். கையைத் திறக்காதீர்கள். முகத்தை விலக்கிய நொடியில் மற்றக் கையால் வேறு துண்டு கொடுங்கள். பிறகு நிலத்தில் வைத்துப் பழக்குங்கள், கடைசியில் கயிற்றோடு வீதியோரத்தில். முழுதாகப் பழக வாரங்கள் ஆகும்.

கோழி விஷயத்தில் குட்டியாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். கயிற்றில் பிடித்துக்கொண்டு கோழிகளுக்கு நடுவே உட்காருங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு கொடுங்கள். கொன்று ருசி கண்ட நாயைத் திருத்துவது கடினம். அதற்குக் கோழிக்கூட்டின் கம்பிவலையைத் திருத்துவதே நல்லது.

பயமும் கடியும்

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால் நாய்க்கு ரோசம் வரும், நல்ல காவல் என்று பலர் நம்புகிறார்கள். வருவது ரோசம் இல்லை, பயமும் விசனமும். ஓட வழியில்லாத நாய்க்குக் கடிப்பது ஒன்றுதான் வழி. அது வருகிறவர் திருடனா, சோறு கொண்டு வருகிற சின்னப் பிள்ளையா என்று பார்க்காது. கட்ட வேண்டிய நேரம் உண்டு, ஆனால் பகலில் சில மணிநேரம் வேலிக்குள் அவிழ்த்து விடுங்கள். மலையில் மட்டும் ஒரு விசேஷம்: சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் இரவில் நாயை வெளியே கட்டிப்போடாமல் உள்ளே எடுங்கள்.

வன்னியில் 2008, 2009இல் சனங்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது நாய்களைக் கூட்டிப்போக முடியவில்லை. பலர் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. அதுவரை கட்டம் கட்டமாகத்தான் சனம் திரும்பியது. ஆளில்லாத ஊரில் பிறந்த குட்டிக்கு மனிதன் அந்நியன். அதைக் குற்றம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஸ்கொட், புல்லர் என்ற இருவர் பல வருஷம் நாய்களை ஆராய்ந்து 1965இல் எழுதியதும் இதுதான்: ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களைத்தான் தன் ஆட்களாக ஏற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் பிள்ளைகள், கிழவர்கள், தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், சைக்கிள், மழைச் சத்தம் எல்லாம் காட்டுங்கள். ஆனால் எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கண் திறந்ததும் தூக்கி வருகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

பெட்டைக் குட்டியைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விடுகிற வழக்கத்தை எழுதவே கை கூசுகிறது. பெட்டை வேண்டாம் என்றால் தாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். மிருக வைத்தியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

பிள்ளைகளுக்கும் ஒழுங்கு வேண்டும். சாப்பிடுகிற, தூங்குகிற, கட்டியிருக்கிற, குட்டி போட்ட நாயிடம் போகக் கூடாது. தெரியாத நாய் ஓடி வந்தால் ஓடாமல், கையை ஆட்டாமல், கண்ணைப் பார்க்காமல் மரம் மாதிரி நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் கையால் மூடிச் சுருண்டு கிடக்க வேண்டும். இதை விளையாட்டாகச் செய்து பழக்குங்கள்.

இவ்வளவும் ஏன் என்றால், விசர்நாய்க்கடி நோய் வந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. இலங்கையில் 1973இல் 377 பேர் இதனால் இறந்தார்கள். ஊசி வந்து, அண்மைய ஆண்டுகளில் அது வருஷத்துக்கு 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த இருபது பேரில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கணக்கு என்ன ஆறுதல்? கடித்தாலும் பிராண்டினாலும் உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேர் போடுகிறார்கள் என்று நிற்க வேண்டாம். கடித்த நாயைக் கொல்லாமல் கட்டி வைத்து 14 நாள் கவனியுங்கள், ஆனால் அதைச் சாட்டி வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போடுங்கள். ஊசி அட்டையைப் பிறப்புப் பத்திரம் வைக்கிற பெட்டியிலேயே வையுங்கள். கடி நடந்த அன்றைக்கு டொக்டர் அதைத்தான் கேட்பார்.