பிரிட்டன் விலகிய பின் ஐரோப்பிய எல்லைகள்

ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் பிரிட்டன் விலகிய நாள் 2020-ஆம் ஆண்டு ஜனவரி 31. அதற்கு வித்திட்ட பொது வாக்கெடுப்பு 2016-ஆம் ஆண்டு ஜூன் 23-இல் நிகழ்ந்தது. விலகுக என்றோர் நூற்றுக்கு 51.9 பேர். விலகிய பின்னரும் பதினொரு திங்கள் காறும் பழைய விதிகளே வழங்கின. ஆதலின், கால்வாய்க்கு அப்பாலுள்ள நாடுகளில் பிரிட்டானியர் மெய்யாகவே அயலார் ஆனது 2021 ஜனவரி முதல் நாளன்றுதான். அந்நாளுக்கு முன் அவர்கள் பாஸ்போர்ட்டே இன்றிப் பிரான்ஸுக்குச் சென்று வந்தனர் என்று நம் மாணவர் சிலர் எண்ணுகின்றனர். அஃது பிழை. அதனைத் திருத்தாமல் இப்பொருளில் ஓரடியும் மேற்செல்லல் இயலாது.

ஐரோப்பாவில் இரண்டு ஏற்பாடுகள் உள. ஒன்று, ஒன்றியத்துக் குடிகள் எந்த உறுப்பு நாட்டிலும் சென்று வாழவும், தொழில் செய்யவும், கல்வி பயிலவும் பெற்றுள்ள உரிமை. மற்றொன்று, நாட்டுக்கு நாடு எல்லையிலே நிறுத்திச் சோதிக்கும் வழக்கத்தை ஒழித்த ஏற்பாடு. இப்பின்னையது 1985-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், லக்ஸம்பர்க் நாட்டு ஷெங்கன் என்னும் சிற்றூரின் அருகே, மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகளால் கையொப்பமிடப்பெற்று, 1995-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அதில் 29 நாடுகள் அடங்கும். பிரிட்டன் முன்னதில் இருந்தது. பின்னதில் என்றும் சேர்ந்ததில்லை. எனவே பிரிட்டானியர் எப்பொழுதும் சீட்டைக் காட்டியே வந்தனர். ஆனால் அதிகாரி அச்சீட்டைப் பார்த்து இவர் இன்னார் என்று உறுதி செய்வதோடு நின்றார். ஏன் வந்தீர், எத்தனை நாள் தங்குவீர் என்று வழக்கமாக வினவும் உரிமை அவருக்கு இல்லை. விலகலால் இழந்தது இதுவே. கதவு முன்னும் இருந்தது; முன்னர் வீட்டார்போல் நுழைந்தவர் பின்னர் விருந்தினர்போல் நுழைகின்றனர்.

அப்போஸ்தலருடைய நடபடிகளில், பவுலைக் கட்டுவித்த சேனாபதி, தான் மிகுந்த பொருள் கொடுத்து உரோமக் குடியுரிமை பெற்றதாகச் சொல்ல, பவுலோ தான் அவ்வுரிமையிற் பிறந்தவன் என்று விடையிறுக்கும் இடம் நாம் யாவரும் அறிந்ததே. விலையின்றிப் பிறப்பாற் பெற்றதன் அருமை, அதனை விலைக்குக் கொண்டவனுக்கே நன்கு தெரிந்தது போலும். 2016-க்குப் பின் பிரிட்டானியர் பலர் தம் பாட்டியோ பாட்டனோ அயர்லாந்தில் பிறந்ததற்குச் சான்று தேடினர். அயர்லாந்துச் சட்டப்படி அவ்வுறவு ஒன்றே குடியுரிமை பெறப் போதும், அதனோடு ஒன்றியத்தின் உரிமை முழுவதும் மீளும். பாட்டி இங்கிலாந்திற் பிறந்தவர்க்கு அவ்வழி இல்லை.

இனி விதிகளைக் காண்போம். பிரிட்டானியர் சுற்றுலாவுக்கு விசா பெற வேண்டுவதில்லை. ஆயினும், எந்த 180 நாளை எடுத்து எண்ணினும் அதனுள் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் இருத்தல் கூடாது. படிக்குங்கால் எளிதாகத் தோன்றும் இவ்விதியே மிகப் பலரை இடறச் செய்தது. ஸ்பெயினில் சிறு வீடொன்று வாங்கி, இங்கிலாந்தின் குளிருக்கு அஞ்சி அங்கே செல்லும் முதிய தம்பதியரை நினைத்துக் கொள்க. ஜனவரி 1-இல் நுழைகின்றனர். வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் சேரும். ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச்சு 31, ஆக 90. மார்ச்சு 31-க்குள் வெளியேறியே தீர வேண்டும். மீண்டும் எப்போது வரலாம்? ஒவ்வொரு நாளும் அந்நாளோடு சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். ஜூன் 29-இல் நின்று எண்ணினால் ஜனவரி 1 இன்னும் அவ்வட்டத்துள் நிற்கும். நாள் 91 ஆகிவிடும். ஜூன் 30-இல் ஜனவரி 1 உதிர்ந்துவிடும், அன்று நுழையலாம். இடையே பிரான்ஸ் வழியாய் ஒருநாள் பயணம் செய்யவும் வழியில்லை. ஏனெனில் பிரான்ஸும் ஸ்பெயினும் இக்கணக்கில் ஒரே நிலம். ஒரு நாள் வெளியே சென்று திரும்பினால் கணக்குப் புதிதாகும் என்று நம்பினோரும் உளர், அங்ஙனம் ஆவதில்லை. 2020-இன் இறுதிக்கு முன்னரே அங்குக் குடியமர்ந்தோர்க்கு மட்டும் விலகல் உடன்படிக்கை காப்பளித்தது. பிரிட்டனோ, தன்பால் வரும் ஐரோப்பியச் சுற்றுலாவினரைத் தொடர்ந்து ஆறு திங்கள் வரை இருக்க விடுகின்றது. ஒத்த நாடுகளிடையே அளவை ஒவ்வாதிருத்தல் வியப்பே.

பாஸ்போர்ட்டைப் பற்றிய விதியும் ஒன்றுண்டு. நுழையும் நாளில் அது வழங்கப்பெற்றுப் பத்தாண்டு நிறையாதிருத்தல் வேண்டும். திரும்பும் நாளுக்குப் பின் மூன்று திங்களாவது செல்லுபடியாதல் வேண்டும். பிரிட்டனில் 2018 செப்டம்பர் வரை, பழைய சீட்டில் எஞ்சிய திங்கள்களை, ஒன்பது வரை, புதியதோடு சேர்த்தளிக்கும் தாராளம் இருந்தது. 2015 ஜூன் முதல் நாளில் பெற்ற சீட்டு 2026 மார்ச்சு வரை செல்லும் என அச்சிட்டிருக்கலாம். அதனை நம்பி 2025 ஜூலையில் விமான நிலையம் சென்றவர், பத்தாண்டு கழிந்ததென்று ஏற்றப்படாமல் திரும்ப நேரிடும். அரசாங்கம் நன்மை கருதிச் செய்த தாராளமே கண்ணியாயிற்று.

இவ்விதிகளின் பாரம் கண்கூடாகத் தெரிவது டோவர்த் துறைமுகத்தில். 2003-இல் செய்த லெ தூக்கே உடன்படிக்கைப்படி, பிரஞ்சு அதிகாரிகள் டோவரிலேயே அமர்ந்து பயணிகளைச் சோதிக்கின்றனர். 2021 முதல் ஒவ்வொரு சீட்டையும் புரட்டி முத்திரை குத்த வேண்டியதாயிற்று. ஒருவருக்குச் சில நொடி மிகுந்தாலும், ஒரு பேருந்தில் ஐம்பதின்மர், அத்தகைய பேருந்துகள் பல எனின், வரிசை மலைப்பாம்பாய் நீளும். 2022 ஜூலையில் குடும்பங்கள் பல மணி நேரம் கார்களிலேயே காத்திருந்தன. பிரஞ்சு அதிகாரிகள் தொகை போதவில்லை என்றனர் பிரிட்டிஷ் அமைச்சர். விலகலின் பயன் இதுவே என்றனர் பிறர். இருவர் கூற்றும் மெய்யே; முத்திரை வேண்டாத காலத்தில் அத்தொகை போதியதாயிருந்தது. அம்முத்திரைக்கு மாற்றாக, முகப்படமும் நான்கு விரல்களின் பதிவும் எடுக்கும் புதிய முறை 2025 அக்டோபர் 12-இல் தொடங்கியது. பன்னிரண்டு வயதிற்குட்பட்ட சிறுவர்க்கு விரற்பதிவு இல்லை.

மக்களோடு பண்டங்களுக்கும் எல்லை திரும்பிற்று. இறைச்சியும் பாற்பொருளும் பிரிட்டனிலிருந்து தனிமனிதர் கொண்டு செல்லுதல் விலக்கப்பட்டது. 2021 ஜனவரியில் ஹாலந்துத் துறைமுகத்தில் லாரி ஓட்டிகளின் உணவுப் பொட்டலங்களைச் சுங்கத்தார் பறித்த காட்சி தொலைக்காட்சியில் வந்தது. சுங்கந்தவிர்த்த சோழன் என்று ஒரு மன்னனை நம் முன்னோர் ஏன் அத்துணை மகிழ்ந்து அழைத்தனர் என்பது அவ்வோட்டிகளுக்கு விளங்கியிருக்கும்.

செலவுக்கு வருவோம். இரு பக்கமும் இப்போது முன்னனுமதி என்னும் ஒன்றைப் புகுத்தியுள்ளன. இது விசா அன்று. விசா வேண்டாதார் புறப்படுமுன் பெறும் இசைவே. ஐரோப்பியர் பிரிட்டனுக்கு வர 2025 ஏப்ரல் 2 முதல் இது கட்டாயம். முதலில் 10 பவுனாயிருந்த கட்டணம், ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 9-இல் 16 பவுனாயிற்று. கைக்குழந்தைக்கும் தனியே செலுத்த வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு அவ்விலையில் 64 பவுன், ஈராண்டுக்குச் செல்லும். ஐரோப்பிய ஒன்றியமும் 7 யூரோ என்று முதலில் விதித்த தன் கட்டணத்தை 20 யூரோவாக உயர்த்துவதாகவும், 2026-இன் கடைசிக் காலாண்டில் அதனைத் தொடங்குவதாகவும் 2025-இல் அறிவித்தது. அது மூன்றாண்டு செல்லும். பதினெட்டுக்குக் குறைந்தோரும் எழுபதுக்கு மேற்பட்டோரும் கட்டணம் செலுத்த வேண்டா.

இத்தொகைகள் செல்வர்க்குச் சிறிது. உண்மையான சுமை வேறிடத்தில் விழுந்தது. இங்கிலாந்தில் வாழும் நம்மவர் குடும்பங்களில் கணவர் பிரிட்டிஷ் குடியாகவும், மனைவி இந்தியச் சீட்டையே வைத்துக் கொண்டவராகவும் இருத்தல் உண்டு. ஒன்றியத்துக் குடியின் மனைவி என்ற முறையில், கணவரோடு பாரிஸ் செல்ல அவர் பெற வேண்டிய விசா முன்னர்க் கட்டணமின்றிக் கிடைத்தது. 2021 முதல் அச்சலுகை இல்லை. 2024 ஜூன் 11 முதல் அக்கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் கூலியும், சான்றுகளைத் திரட்டும் அலைச்சலும் அதற்கு மேல். கணவரும் மக்களும் ஒரு வரிசையிலும் தாய் மற்றொரு வரிசையிலும் நிற்க நேரிடலும் உண்டு.

பள்ளிச் சிறுவர் நிலையும் அன்னதே. பிரஞ்சுக் குழந்தைகள் பலரிடம் அடையாள அட்டையே உண்டு, பாஸ்போர்ட் இல்லை. 2021 அக்டோபர் முதல் பிரிட்டன் அவ்வட்டையை ஏற்க மறுத்தது. வகுப்பில் மொரோக்கோ நாட்டுச் சிறுவன் ஒருவன் இருப்பின் அவனுக்கு விசாவும் வேண்டும். அவனை மட்டும் விட்டுச் செல்ல மனமில்லாத ஆசிரியர்கள் இலண்டனைக் கைவிட்டு டப்ளினுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். ஈராண்டுக்குப் பின், 2023-இன் இறுதியில், பிரான்ஸிலிருந்து குழுவாய் வரும் மாணவர்க்கு அட்டையே போதும், உடன் பயிலும் அயல்நாட்டுப் பிள்ளைக்கும் விசா வேண்டா என்று பிரிட்டன் விலக்களித்தது. ஒரு விதி தளர்ந்ததை நான் படித்தவற்றுள் மனத்துக்கு இனியது இதுவே.

அயர்லாந்தின் நிலை தனியானது. அயர்லாந்தினரும் பிரிட்டானியரும் ஒருவர் நாட்டில் ஒருவர் தடையின்றி வாழும் வழக்கம் 1920-களிலிருந்தே உள்ளது. விலகல் அதனைத் தொடவில்லை. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளும் வட அயர்லாந்து எல்லையில், 1998-இன் உடன்படிக்கைக்குப் பின் பெற்ற அமைதியைக் குலைக்க எவரும் துணியாமையால், சாவடி ஒன்றும் எழவில்லை. ஆனாலும் டப்ளினுக்கு வந்த பிரஞ்சுப் பயணி பஸ் ஏறிப் பெல்பாஸ்ட் சென்று மாலையில் திரும்புவாராயின், சட்டப்படி முன்னனுமதி அவர்க்கும் வேண்டும். வழியில் அவரை நிறுத்துவாரும் இல்லை. சீட்டைக் கேட்பாரும் இல்லை. சாலையோரத்துப் பலகையில் கிலோமீட்டர் என்பது மைல் என மாறுவதைக் கண்டே, எல்லை கடந்தோம் என்று அவர் அறிவார்.