பெற்றோல் மானி பிழைபடுமாறு

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலராசிரியர் எழுதியபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியத்தையோ இலக்கணத்தையோ தொட்டெழுதுவேன் என அவர் எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ பழைய மோட்டார் வண்டியொன்றின் பெற்றோல் மானியைப் பற்றி. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளில் இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் எனக்கு இப்பொருளில் என்ன உரிமை என நண்பர்கள் வினவலாம். பட்ட பாடு தந்த உரிமை என்பதே விடை. அன்றியும், பழைய வண்டியைப் பேணி வைத்திருப்போர் நம் பழைய மாணவருள் பலர். அவர்க்கு இது பயன்படுமாயின் மகிழ்வேன்.

என்னிடமுள்ளது 1959ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000. தேயிலைத் தோட்டமொன்றிற் பெரிய கிளாக்கராக இருந்த என் பாட்டனார் வாங்கியது. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இவ்வின வண்டியே பத்து இலட்சம் என்னும் எல்லையைக் கடந்த முதற் பிரித்தானிய மோட்டார் வண்டியாகும். 1990களில் இதன் உதிரிப்பாகங்கள் நம் நாட்டிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானதும் உண்டு. அங்கு பிறந்த வண்டிக்கு இங்கிருந்து உறுப்புகள் போயின என்பதை நினைக்கும்போது சிறிது பெருமையாகவே இருக்கிறது.

இனி நிகழ்ந்ததைக் கூறுவேன். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை எவரும் மறந்திரார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் தேசிய எரிபொருள் அட்டை முறை வந்தபோது, காருக்கு வாரம் 20 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் எனப் பங்கிட்டனர். ஓகஸ்ட் மாதத்தில் ஓரிரவு, பத்து மணிக்கு மேலிருக்கும், அயலிலுள்ள லயத்திலிருந்து இளைஞர் ஒருவர் ஓடிவந்தார். என்னிடம் படித்தவர். “சேர், வீட்டுக்காரிக்கு வலி வந்திருச்சு. வண்டி ஒண்ணுமே கெடைக்கல” என்றார். திறப்பைத் திருப்பினேன். மானியின் முள் காற்பங்கைச் சற்றுத் தாண்டி நின்றது. ஆறரைக் கலன், அதாவது ஏறக்குறைய 29.5 லீற்றர், கொள்ளும் தாங்கியிற் காற்பங்கு என்பது 7 லீற்றருக்கு மேல். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய்வர அது தாராளம். அப்பெண்ணையும் அவள் தாயாரையும் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம்.

ஹட்டன் மல்லியப்பு சந்தியை அடையுமுன், ஓர் ஏற்றத்தில் எஞ்சின் இருமுறை இருமி நின்றுவிட்டது. முன்புறத்திற் பெற்றோல் பம்பு இடைவிடாது ‘டக் டக்’ என அடித்தது. காபரேற்றர் நிரம்பியதும் அடங்கவேண்டிய ஓசை அது. அடங்காமல் விரைந்து அடிப்பின், பம்பு இழுப்பது பெற்றோலையன்று, காற்றை என்று பொருள். முள்ளோ அப்போதும் காற்பங்கிலேயே நின்றது.

மழைத்தூறலில் அரைமணி நேரம் நின்றோம். பின்னிருக்கையிலிருந்து வந்த முனகலை இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. அவ்வழியே வந்த முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர், தம் வண்டியிலிருந்து ஒரு லீற்றரை ரியூப்பால் இழுத்து, சோடாப் போத்தலில் நிறைத்துத் தந்தார். வாரத்துக்கு ஐந்தே லீற்றர் கிடைத்த காலத்தில் அவற்றுள் ஒன்று அது. பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் யான் முதலில் நொந்துகொண்டது மானியையன்று, என்னையே. வாரந்தோறும் 20 லீற்றர் ஊற்றியதும் முள் முழுநிலையை ஒட்டி நின்றதை யான் பார்த்தேதான் இருந்தேன். வெறுமையாயிருந்த 29.5 லீற்றர்த் தாங்கியில் 20 லீற்றர் ஊற்றினால் மூன்றில் இரண்டு பங்குதானே நிறையும்? முழுநிலை எங்ஙனம் வரும்? கூட்டல் கழித்தல் அறிந்த பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்வியை யான் கேட்கவில்லை. மாறாக, பழைய வண்டி சிக்கனமாக ஓடுகிறது என மனைவியிடம் பெருமை பேசினேன்.

அறிவு வரும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என நம் முன்னோர் பகுத்தனர். சிவஞான சித்தியார் சுபக்கத்திற் பொருளாராய்ச்சிக்கு முன்னே அளவை வைக்கப்பட்டிருத்தலைக் கற்றோர் அறிவர். தாங்கியுள் ஒரு கோலை விட்டு நனைந்த அளவைப் பார்ப்பது காட்சி. மானியின் முள் பெற்றோலைக் காண்பதில்லை. அது வந்து சேரும் மின்னோட்டத்தைக் கொண்டு பெற்றோலைக் கருதுகின்றது. மலையிற் புகையைக் கண்டு நெருப்புண்டு எனக் கொள்வது கருதலுக்குக் காட்டும் பழைய உதாரணம். நுவரெலியாப் பக்கத்தில் வாழ்வோர்க்கு அவ்வுதாரணத்தின் இடர் நன்கு தெரியும். இங்கே மலைமேற் புகைபோலத் தோன்றுவது பெரும்பாலும் பனிமூட்டமே.

முள் கருதும் வகையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். தாங்கியினுள் ஒரு மிதவை உண்டு. பெற்றோல் ஏற இறங்க, அதன் கை ஒரு தடைக்கம்பியின்மேல் உரசிச் சென்று, மின்னோட்டத்துக்கு உள்ள தடையைக் கூட்டியும் குறைத்தும் வைக்கும். கராஜ்காரர் இதனை ‘டேங்க் யூனிட்’ என்பர். என் வண்டியிலுள்ள பழைய வகையிற் பெற்றோல் இல்லாதபோது தடை மிகச் சிறிது. நிறைந்தபோது தடை பெரிது. முன்பலகையிலுள்ள மானிக்குள் இரண்டு சுருள்கள் உள. ஒன்று முள்ளை வெறுநிலைக்கும் மற்றது முழுநிலைக்கும் இழுக்கும். தாங்கியில் தடை சிறிதாயின், மின்னோட்டம் முதற் சுருளைக் கடந்ததும் அவ்வழியே புவிக்கு ஓடிவிடும். இரண்டாஞ் சுருளுக்குக் கிடைப்பது சிறிது. முள் வெறுநிலைக்குச் சாயும். தடை கூடுந்தோறும் இரண்டாஞ் சுருளுக்கு மின்னோட்டம் மிகும், முள் மேலேறும். இரு சுருள்களின் போட்டியே முள்ளின் இடத்தைத் தீர்ப்பதால், பற்றரி சற்று இளைத்தாலும் அளவு அதிகம் மாறுவதில்லை. இஃது அவ்வமைப்பின் சிறப்பு.

அதன் குறையும் அங்கேயே உள்ளது. தாங்கியின் யூனிட்டிலிருந்து மின்னோட்டம் வண்டியின் உடம்புக்குச் செல்லும் இடத்திலே துரு ஏறினால், அத்துருவும் ஒரு தடையாகும். மானி அதனைப் பெற்றோல் என்றே கருதும். கம்பி முழுதும் அறுந்துபோயின் முள் முழுநிலையைத் தாண்டி நிற்கும். ஆகவே பழைய மானி, தாங்கியின் பக்கத்திற் புவித்தொடுப்புக் கெட்டபோது, எப்போதும் உள்ளதற்கு மிகுதியாகவே காட்டும். பிழை உண்டு என்பதை மட்டும் அறிதல் போதாது; அஃது எப்பக்கம் சாய்கிறது என்பதையும் அறியவேண்டும். கொழுந்து மடுவத்தில் நிற்கும் தோட்டப் பெண்களுக்கு இதனை யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு போகும் நிறுவை, எப்போதும் ஒரே பக்கந்தான் சாய்கிறது என்று அவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்திருக்கிறார்கள்.

சோதிக்கும் முறை எளிது. ஆயின் பெற்றோலாவி நெருப்பினும் கொடியது. அருகில் விளக்கோ சுருட்டோ கூடாது. கம்பிகளைக் கழற்றுவதும் பூட்டுவதும் திறப்பை மூடிய நிலையிலேயே நிகழவேண்டும். டிக்கியின் அடித்தளத்தில், யூனிட்டுக்குச் செல்லும் பச்சையிற் கறுப்புக் கோடிட்ட கம்பியைக் கழற்றி, எதிலும் படாமல் வைத்துத் திறப்பைத் திருப்பினேன். முள் முழுநிலைக்கு ஓடியது. மூடிவிட்டு, அக்கம்பியை வண்டியின் உடம்பிற் சுரண்டி வெளுத்த இரும்போடு கட்டி மீண்டும் திருப்பினேன். முள் வெறுநிலையில் விழுந்தது. மானியும் கம்பியும் குற்றமற்றவை. குற்றம் தாங்கியின் பக்கத்தது என்பது தெளிவாயிற்று. இங்ஙனம் முள் அசையாதிருந்தால் மானியையும் கம்பியையும் முதலிற் பார்க்கவேண்டும்.

கம்பியை முன்போலப் பூட்டி, யூனிட்டின் மூடியிலிருந்து வண்டியின் உடம்புக்கு வேறொரு கம்பியை இழுத்துக் கட்டினேன். காற்பங்கில் நின்ற முள் உடனே கீழே விழுந்தது. முதல்நாளிரவு எங்களை ஏமாற்றிய 7 லீற்றர், அறுபதாண்டுத் துருவன்றி வேறில்லை. தடைமானி வைத்துப் பார்த்தபோது அத்துருவின் தடை 15 ஓமுக்குக் குறையவில்லை. திருகாணிகளைக் கழற்றித் துருவைத் தேய்த்து, தனிக் கம்பியொன்றையும் நிலையாகப் பூட்டினேன். செலவு நூறு ரூபாயும் ஆகவில்லை.

இதுவே எல்லா வண்டிக்கும் நோய் என்று கொள்ளற்க. மிதவை பித்தளையாயின் அதில் நுண்துளை விழுந்து பெற்றோல் புகுந்துவிடலாம். அப்போது அது தாழ்ந்து, முள் உள்ளதற்குக் குறைவாகக் காட்டும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சளசளப்புக் கேட்கும். அதற்கு ஈயம் பற்றவைக்கும் வேலையை வீட்டிற் செய்யவே வேண்டாம். உள்ளே எஞ்சிய ஆவி வெடிக்கும். தடைக்கம்பி தேய்ந்திருந்தால் முள் ஓரிடத்திற் குதிக்கும். அதற்கு மாற்று யூனிட் வாங்குவதே வழி.

மலைநாட்டில் ஓட்டுவோர்க்கு மட்டும் உரிய ஒரு பிழையும் உண்டு. மைனரின் தாங்கி தட்டையானது. மிதவையோ ஓரிடத்தில் மட்டும் இருப்பது. தாங்கி அரை மீற்றர் நீளமெனக் கொண்டால், பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் ஏற்றத்திற் பெற்றோலின் ஆழம் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் வேறுபடும். தட்டையான தாங்கியில் இது சிறு வேறுபாடன்று. ஏற்றத்தில் ஒன்றும் இறக்கத்தில் ஒன்றுமாக முள் சொல்வது இதனால்தான். சமதரையில் நிறுத்திப் பார்த்ததையே நம்பவேண்டும். இம்மலைகளிற் சமதரை எங்கே என்று நகைப்போர்க்கு, பாடசாலை விளையாட்டிடம் உண்டென்பேன். அங்கேதான், வெறுந் தாங்கியில் இரண்டிரண்டு லீற்றராக ஊற்றி, முள் நின்ற இடங்களை ஒரு தாளிற் குறித்து, வண்டியில் ஒட்டி வைத்துள்ளேன். அத்தாளின்படி, முள் காற்பங்கைத் தொட்டால் பெற்றோல் ஊற்றியாக வேண்டும் என்பது என் வீட்டுச் சட்டம்.

1960களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த வண்டிகளை வைத்திருப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அவற்றுட் பலவற்றில் மானி ஈருலோகத் தகட்டைச் சூடாக்கி முள்ளை அசைக்கும் வகையினது. திறப்பைத் திருப்பியதும் முள் மெல்ல மெல்ல ஏறினால் அவ்வகை என்க. அதிற் கணக்குத் தலைகீழ். பெற்றோல் இல்லாதபோது தடை பெரிது, நிறைந்தபோது சிறிது. கம்பி அறுந்தால் முள் வெறுநிலையில் நிற்கும். துரு ஏறினால் குறைத்தே காட்டும். அச்சமூட்டுமேயன்றி நடுவழியில் நிறுத்தாது. ஆனால் அதற்கு மின்னழுத்தத்தைச் சராசரி 10 வோல்ற்றளவில் வைக்கும் சீராக்கி ஒன்று உண்டு. அது பழுதாகிப் பற்றரியின் முழு அழுத்தமும் சென்றால், பெற்றோல் மானியோடு வெப்பமானியும் சேர்ந்து உயர்த்திக் காட்டும். இரண்டு முள்ளும் ஒருங்கே ஏறியிருக்கக் கண்டால், தாங்கியைக் கழற்றுமுன் சீராக்கியைப் பாருங்கள். யான் கூறிய கம்பிச் சோதனையை இவ்வகையிற் செய்வோர், கம்பியை உடம்போடு நெடுநேரம் தொடுத்து வைத்தலாகாது. மானி சூடேறிக் கெடும்.

அம்முச்சக்கர வண்டிச் சாரதியை அடுத்த மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தருகே கண்டு, ஒரு லீற்றரைத் திருப்பிக் கொடுத்தேன். இம்முறை வாங்கிக்கொண்டார். குழந்தை வளர்ந்து ஓடித்திரிகிறாள். அவள் தந்தை, வழியில் என் வண்டியைக் காணுந்தோறும் கைகாட்டி நிறுத்தி, “முள்ளு எங்க நிக்குது, சேர்?” என்று கேட்டுவிட்டே போகிறார்.